ஒரு வட்டாரம் மந்தமானால் செல்பேசிக் கருவிப் பங்குகள் என்ன ஆகும்? புதிதாகப் பார்க்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

2023-ல் அமெரிக்கப் பொருளாதாரம் நன்றாகவே வளர்ந்தது, இரண்டரை சதவீதத்துக்குக் குறையவில்லை. ஆனால் அந்த ஆண்டு அக்டோபரில் நோக்கியா வெளியிட்ட மூன்றாம் காலாண்டு முடிவில் விற்பனை 20 சதவீதமும் நிகர லாபம் 69 சதவீதமும் இறங்கியிருந்தன. 14,000 பேர் வரை வேலையிலிருந்து குறைக்கப்படுவார்கள் என்ற அறிவிப்பும் கூடவே வந்தது. அடி பலமாக விழுந்த இடம் வட அமெரிக்கா.

இதற்கு நேர் எதிராக ஒன்று. 1998-ல் தென் கொரியா. ஆசிய நிதி நெருக்கடியில் நாடே சர்வதேச நாணய நிதியத்திடம் கை நீட்டி நின்றது. பொருளாதாரம் 5 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. அந்த ஓராண்டில் கொரியாவின் செல்பேசிச் சந்தாதாரர் எண்ணிக்கை ஏறக்குறைய 70 லட்சத்திலிருந்து 1.4 கோடியாக இரட்டித்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "அந்த நாட்டில் மந்தம், அதனால் இந்தப் பங்கு விழும்" என்ற கணக்கு இங்கே உதவாது என்பது தெரியும். ஒரு நாட்டின் பொருளாதாரத்துக்கும், செல்பேசிக் கோபுரக் கருவி விற்கும் எரிக்சன், நோக்கியா போன்றவர்களின் பங்கு விலைக்கும் நடுவில் ஒருவர் நிற்கிறார்: அந்த நாட்டின் தொலைத்தொடர்பு ஆபரேட்டர். மந்தம் அவருடைய பணப்பெட்டியை எப்படித் தொடுகிறது என்பதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிக்கும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன். பங்குச் சந்தையில் கொஞ்ச நாளாக இருப்பவர், ஆனால் இந்தத் துறைக்குப் புதியவர் என்று உங்களை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதல் படி: நிறுவனம் எதை விற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊரில் நோக்கியா என்றால் இன்னும் கைபேசிதான் நினைவுக்கு வருகிறது. ஸ்ரீபெரும்புதூர் ஆலை அப்படிப் பதிந்துபோன பெயர். ஆனால் கைபேசித் தொழிலை நோக்கியா 2014-ல் மைக்ரோசாஃப்டுக்கு விற்றுவிட்டது. இன்று அந்த நிறுவனத்தின் பிழைப்பு கோபுரத்தில் மாட்டும் ரேடியோ, ஆன்டெனா, அவற்றை இயக்கும் மென்பொருள், ஃபைபர் வலைப்பின்னல் கருவிகள், காப்புரிமை ராயல்டி ஆகியவற்றில் இருக்கிறது. சென்னையை அடுத்து அவர்களின் வலைப்பின்னல் கருவித் தொழிற்சாலை இப்போதும் ஓடுகிறது. அது வேறு ஆலை.

கைபேசி விற்பவருக்கு வாடிக்கையாளர் கோடிக்கணக்கான பொதுமக்கள். கோபுரக் கருவி விற்பவருக்கு ஒரு நாட்டில் மூன்று நான்கு பேர்தான் வாடிக்கையாளர். மக்கள் செலவைக் குறைத்தால் கைபேசி விற்பனை அந்த மாதமே இறங்கும். கோபுரக் கருவிக்கு அந்த அடி சுற்றிவளைத்து வரும், சில நேரம் வராமலே போகும். மாதக் கடைசியில் கையில் காசு இல்லாதவர்கூட சினிமாவைத் தள்ளிப்போடுவாரே தவிர ரீசார்ஜைத் தள்ளிப்போட மாட்டார்.

இந்தத் துறையில் பெரிய பெயர்கள் கொஞ்சம்தான். எரிக்சனின் பங்கு ஸ்டாக்ஹோமிலும் அமெரிக்காவின் நாஸ்டாக்கிலும் நடக்கிறது. நோக்கியாவின் பங்கு ஹெல்சிங்கியிலும் நியூயார்க்கிலும் நடக்கிறது. சீனாவின் இசட்டிஈ ஷென்செனிலும் ஹாங்காங்கிலும் பட்டியலாகியிருக்கிறது. ஹுவாவே பங்குச் சந்தையில் இல்லை. சாம்சங்கும் இந்தக் கருவிகளைச் செய்கிறது, ஆனால் அந்தப் பெரிய கம்பெனியில் இது சிறு பகுதி. இந்தியாவில் தேஜஸ் நெட்வொர்க்ஸ், எச்எஃப்சிஎல் போன்றவை இருக்கின்றன. குவால்காம் சிப்பும் காப்புரிமையும் விற்கும் வேறு வகை. மோட்டோரோலா சொல்யூஷன்ஸ் பெரும்பாலும் போலீஸ், தீயணைப்பு, அரசு அலுவலகங்களுக்கு வாக்கிடாக்கி அமைப்புகள் விற்கிறது. அங்கே பார்க்க வேண்டியது அரசு பட்ஜெட்.

இரண்டாம் படி: பிராந்திய அட்டவணையை எடுங்கள்

எரிக்சனும் நோக்கியாவும் காலாண்டுக்கு ஒருமுறை விற்பனையைப் பிராந்திய வாரியாகப் பிரித்துக் காட்டுகின்றன. நோக்கியா இந்தியாவைத் தனி வரியாகவே போடும். எரிக்சன் தென்கிழக்கு ஆசியா, ஓசியானியா, இந்தியா மூன்றையும் ஒரே கட்டத்தில் வைக்கும். எரிக்சன் 2025-ல் பிராந்தியப் பிரிவுகளை மாற்றி அமைத்திருப்பதால், பழைய ஆண்டுகளோடு ஒப்பிடும்போது ஒரே மாதிரிப் பிரிக்கப்பட்ட எண்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டவணை கையில் வந்ததும் செய்தியில் அடிபடும் நாடு மொத்த விற்பனையில் எவ்வளவு என்று பாருங்கள். 2022-ல் இலங்கை திவாலானபோது அங்கே எரிபொருள் வரிசையில் மக்கள் நாட்கணக்கில் நின்றார்கள். மனிதர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. ஆனால் உலகளாவிய ஒரு கருவி நிறுவனத்தின் கணக்கில் இலங்கை ஒரு தனி வரியாகக்கூடத் தெரியாது. பங்கைப் பொறுத்தவரை செய்தியின் சத்தத்துக்கும் விற்பனையில் அந்த நாட்டின் எடைக்கும் தொடர்பில்லை.

மூன்றாம் படி: ஆபரேட்டரின் மூலதனச் செலவைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆபரேட்டர்கள் ஆண்டுத் தொடக்கத்தில் "இந்த ஆண்டு இவ்வளவு மூலதனச் செலவு செய்வோம்" என்று ஒரு எண் சொல்வார்கள். சந்தைக்காரர்கள் இதைக் கேபெக்ஸ் என்பார்கள். கருவி நிறுவனத்தின் விற்பனை என்பது இந்த எண்ணின் ஒரு துண்டு. அமெரிக்காவுக்கு வெரைசான், ஏடி அண்ட் டி, டி-மொபைல் மூன்றும் சொல்வதைப் படித்தாலே போதும். இந்தியாவுக்கு ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா, பிஎஸ்என்எல்.

2023-ல் அமெரிக்காவில் நடந்ததை வைத்துப் பார்ப்போம். 2021-ல் முடிந்த, 5ஜி-க்கு உதவும் சி-பேண்ட் என்ற அலைக்கற்றையின் ஏலத்தில் ஆபரேட்டர்கள் 8,100 கோடி டாலர் அளவுக்குக் கொட்டினார்கள். வெரைசான் மட்டுமே 4,500 கோடிக்கு மேல். அலைக்கற்றையை வாங்கியதும் அதற்கான 5ஜி கருவிகளை வேகமாக வாங்கினார்கள். எரிக்சனுக்கும் மற்றவர்களுக்கும் அது நல்ல அறுவடைக் காலம். பிறகு வட்டி ஏறியது. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் ஏறக்குறைய பூஜ்யத்தில் இருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5.25–5.50 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. அலைக்கற்றைக்காகப் பெருங்கடன் சுமந்தவர்களுக்கு வட்டிச் சுமை கூடியது. 5ஜி-யின் முதல் கட்ட வேலையும் முடிந்திருந்தது. செலவைக் குறைத்தார்கள். சாதாரண அமெரிக்கர் கடைக்குப் போவதைக் குறைக்கவில்லை, வேலை இல்லாதவர் எண்ணிக்கையும் குறைவாகவே இருந்தது. கோபுரக் கருவி விற்பவருக்கு மட்டும் அது கடும் மந்தம்.

2020-ஐ இதற்குப் பக்கத்தில் வையுங்கள். கொரோனாவில் உலகப் பொருளாதாரமே சுருங்கிய ஆண்டு. மக்கள் வீட்டில் அடைந்து இணையத்திலேயே வாழ்ந்தார்கள். ஆபரேட்டர்கள் வலைப்பின்னலுக்குச் செலவழிப்பதை நிறுத்தவில்லை. எரிக்சனின் விற்பனை 2019-ஐ விடக் கூடியது.

ஆகவே மொத்த உள்நாட்டு உற்பத்தியை முதலில் பார்க்காதீர்கள். ஆபரேட்டரின் கடன், வட்டி, கட்டண வருவாய், 4ஜி-யிலிருந்து 5ஜி போன்ற மாற்றத்தில் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பது, இவைதான் முன்னால் வரும். பாதி வேலை முடிந்த ஆபரேட்டர் மந்தத்திலும் முடித்துத்தான் ஆக வேண்டும். முழுதும் முடித்தவர் நல்ல காலத்திலும் கையைக் கட்டிக்கொள்வார்.

இந்தியாவும் இதையே காட்டியது. 2022 அக்டோபரில் 5ஜி தொடங்கியது. ஜியோவும் ஏர்டெலும் போட்டி போட்டுக்கொண்டு கோபுரங்களில் கருவிகளை மாட்டினார்கள். 2023-ல் நோக்கியாவின் இந்திய விற்பனை முந்தைய ஆண்டைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டியது. 2024-ல் பெரும் சரிவு. இந்தியப் பொருளாதாரம் அப்போதும் வேகமாக வளர்ந்துகொண்டுதான் இருந்தது. முதல் கட்ட வேலை முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

பணத் தட்டுப்பாட்டில் இருக்கும் ஆபரேட்டரிடம் வேறொன்றைப் பார்க்க வேண்டும்: பணம் எங்கிருந்து வருகிறது என்பதை. வோடஃபோன் ஐடியா 2024 ஏப்ரலில் சந்தையில் புதிய பங்குகளை விற்று 18,000 கோடி ரூபாய் திரட்டியது. அந்த செப்டம்பரில் நோக்கியா, எரிக்சன், சாம்சங் மூவருக்கும் சேர்த்து சுமார் 30,000 கோடி ரூபாய்க்கு ஆர்டர் கொடுத்தது. நிதி திரட்டும் செய்தி வந்தபோதே கருவி ஆர்டர் வரும் என்று ஊகிக்க வழி இருந்தது.

நான்காம் படி: கிடங்கில் இருக்கும் சரக்கைக் கணக்கில் எடுங்கள்

2021, 2022-ல் உலகம் முழுவதும் சிப் தட்டுப்பாடு. கேட்ட நேரத்துக்குக் கருவி கிடைக்காது என்ற பயத்தில் ஆபரேட்டர்கள் தேவைக்கு மேல் வாங்கிக் கிடங்கில் அடுக்கினார்கள். தட்டுப்பாடு தீர்ந்ததும் புதிதாக வாங்குவதை நிறுத்திவிட்டு இருப்பதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அரிசி கிடைக்காது என்று கேள்விப்பட்டு மூன்று மூட்டை வாங்கிப்போட்ட வீட்டுக்காரர் அப்புறம் சில மாதம் கடைப் பக்கமே வர மாட்டார், ஆனால் அந்த வீட்டில் தினமும் சோறு வெந்துகொண்டுதான் இருக்கும். வட அமெரிக்காவில் நடந்தது இதுதான். 2023-ல் கருவி நிறுவனங்கள் வெளியிட்ட அறிக்கைகளில் வாடிக்கையாளர்கள் சரக்கைக் குறைக்கிறார்கள் என்ற வரி திரும்பத் திரும்ப வந்தது.

புதியவர்கள் இங்கேதான் அதிகம் குழம்புகிறார்கள். விற்பனை 40 சதவீதம் விழுந்தால் தேவையே 40 சதவீதம் விழுந்ததாக நினைத்துவிடுகிறார்கள். அதில் ஒரு பகுதி தேவைக் குறைவு, ஒரு பகுதி சரக்கு கரைவது. சரக்கு கரைந்து முடிந்ததும் அந்தப் பகுதி தானாகத் திரும்பி வரும். இரண்டையும் துல்லியமாகப் பிரிக்க வெளியில் இருப்பவரால் முடியாது. ஆனால் ஆபரேட்டரின் கேபெக்ஸ் 15 சதவீதம் குறைந்து, கருவி நிறுவனத்தின் அந்தப் பிராந்திய விற்பனை 40 சதவீதம் குறைந்திருந்தால், இடைவெளியின் பெரும்பகுதி கிடங்கில் இருக்கிறது, அல்லது போட்டியாளரிடம் போயிருக்கிறது. போட்டியாளரின் அறிக்கையையும் பார்த்தால் எது என்று பிடிபடும்.

ஐந்தாம் படி: நாணயத்தைப் பாருங்கள்

ஆபரேட்டர் சம்பாதிப்பது உள்ளூர்ப் பணத்தில். கருவி வாங்குவது பெரும்பாலும் டாலரில். உள்ளூர்ப் பணம் சரிந்தால், ஒரு சந்தாதாரர்கூட விலகாவிட்டாலும், ஆபரேட்டரின் வாங்கும் சக்தி அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

இலங்கையில் 2022 மார்ச்சில் ரூபாய் மதிப்பைத் தளர்த்தியபோது ஒரு டாலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. இரண்டு மாதத்தில் அது 360 ரூபாயைத் தொட்டது. நைஜீரியாவில் 2023 ஜூனில் நாணயத்தைச் சந்தையின் போக்குக்கு விட்டார்கள். டாலருக்கு 460 நைரா அளவில் இருந்தது அடுத்த ஆண்டு 1,500-ஐ ஒட்டிப் போனது. எம்டிஎன் நைஜீரியா அந்த நாட்டின் மிகப்பெரிய ஆபரேட்டர். மக்கள் பேசிக்கொண்டும் இணையத்தைப் பயன்படுத்திக்கொண்டும் இருந்தபோதே அது நட்டத்தில் விழுந்தது. செல்பேசிக் கட்டணத்தை 50 சதவீதம் வரை உயர்த்திக்கொள்ள ஒழுங்குமுறை அமைப்பு 2025 ஜனவரியில் அனுமதி கொடுத்தது. இப்படிக் கட்டண உயர்வுக்கு அனுமதி வருவது கருவி நிறுவனங்களுக்கு நல்ல அறிகுறி, ஏனென்றால் நின்றுபோன வலைப்பின்னல் வேலைகள் அதற்குப் பிறகுதான் நகரத் தொடங்கும்.

நாணயத்துக்கு இன்னொரு முகம் உண்டு. எரிக்சன் கணக்கு எழுதுவது ஸ்வீடன் குரோனாவில், நோக்கியா யூரோவில். குரோனா பலவீனமானால் வெளிநாட்டு விற்பனை கணக்கில் பெரிதாகத் தெரியும். அதனால்தான் அறிக்கையில் நாணய மாற்றத்தைக் கழித்த வளர்ச்சி என்று தனியாக ஒரு எண் கொடுக்கிறார்கள். எப்போதும் அந்த எண்ணைப் படியுங்கள்.

ஆறாம் படி: கருவி நிறுவனம் கடன் கொடுத்திருக்கிறதா?

இது பழைய கதைதான், ஆனால் மறக்கக்கூடாத கதை. 1990-களின் கடைசியில் கருவி நிறுவனங்கள் ஆபரேட்டர்களுக்குக் கருவியையும் கொடுத்து, அதை வாங்கக் கடனையும் கொடுத்தன. விற்பனை வேகமாக ஏறியது. கொடுத்த கடன் திரும்பி வருமா என்பது மட்டும் அந்த நாட்டின் பொருளாதாரத்தின் கையில் இருந்தது.

துருக்கியின் டெல்சிம் என்ற ஆபரேட்டருக்கு, அப்போது கைபேசியும் கோபுரக் கருவியும் விற்ற மோட்டோரோலா சுமார் 200 கோடி டாலர் வரையிலும், நோக்கியா பல பத்துக் கோடி டாலரும் இப்படிக் கொடுத்திருந்தன. 2001 பிப்ரவரியில் துருக்கியில் வங்கி நெருக்கடி வெடித்தது. லிராவை மிதக்கவிட்டார்கள், சில நாட்களிலேயே அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மதிப்பை இழந்தது. லிராவில் சம்பாதித்து டாலரில் கடன் கட்ட வேண்டிய டெல்சிம் அந்த ஆண்டே தவணை கட்டவில்லை. அதோடு நிற்கவில்லை. டெல்சிம் புதிய பங்குகளை வெளியிட்டதால், மோட்டோரோலாவிடம் அடமானமாக இருந்த 66 சதவீதப் பங்கு 22 சதவீதமாகக் கரைந்தது. 2002 ஜனவரியில் இரு நிறுவனங்களும் நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போயின. 2003-ல் டெல்சிமின் உரிமையாளர் குடும்பம் மோசடி செய்தது என்று தீர்ப்பளித்த நீதிபதி, மோட்டோரோலாவுக்கு 426 கோடி டாலர் கொடுக்க உத்தரவிட்டார். தீர்ப்பு கிடைத்தது, பணம் அப்படி வந்துவிடவில்லை. பிறகு துருக்கி அரசின் வைப்புக் காப்பீட்டு நிதியம் டெல்சிமைக் கையில் எடுத்து, 2005 கடைசியில் 455 கோடி டாலருக்கு வோடஃபோனுக்கு விற்றது. மோட்டோரோலாவுக்குச் சமரசமாகக் கிடைத்தது அந்தத் தீர்ப்புத் தொகையில் ஒரு சிறு பகுதி.

மோட்டோரோலாவின் உலக விற்பனையில் துருக்கி பெரிய இடம் இல்லை. இரண்டாம் படியில் சொன்ன எடைக் கணக்கின்படி பார்த்தால் ஒதுக்கிவிட வேண்டிய நாடு. ஆனால் கடன் என்று வந்தால் எடைக் கணக்கு மாறிவிடும். விற்பனை கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்கில் ஏறுகிறது, கடன் பல ஆண்டு சேர்ந்து ஒரே நாளில் மூழ்குகிறது.

ஆகவே ஆண்டறிக்கையின் பின்குறிப்புகளில் வாடிக்கையாளருக்குக் கொடுத்த நிதியுதவி என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். 2001-க்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் இதை நன்றாகக் குறைத்துக்கொண்டன. கூடவே வரவேண்டிய பாக்கி எத்தனை நாள் இழுக்கிறது என்பதையும் பாருங்கள். இந்திய நிறுவனங்களில் இந்த எண் மிக முக்கியம். அரசு சார்ந்த வாடிக்கையாளரிடம் பாக்கி மாதக்கணக்கில் நிற்பது இங்கே சகஜம். லாபம் தாளில் இருக்கும், வங்கியில் இருக்காது.

ஏழாம் படி: எந்தப் பிராந்தியத்தில் லாபம் தடிமன் என்று பாருங்கள்

அமெரிக்காவில் விற்ற நூறு ரூபாயும் இந்தியாவில் விற்ற நூறு ரூபாயும் ஒன்றல்ல. வட அமெரிக்காவில் விலையும் லாப விகிதமும் அதிகம், மென்பொருள் விற்பனையும் கூடுதல். இந்தியா உலகிலேயே கடுமையாகப் பேரம் பேசும் சந்தைகளில் ஒன்று. அதுவும் புதிதாக வலைப்பின்னல் கட்டும் தொடக்கக் கட்டத்தில் வன்பொருளும் நிறுவும் வேலையும்தான் நிறையப் போகும், லாபம் மெலிந்திருக்கும்.

2023-ல் அமெரிக்கா விழ, இந்தியா ஏற, மொத்த விற்பனை பெரிய அளவில் மாறாதது போலத் தெரிந்தது. எரிக்சனின் 2022 விற்பனை 27,150 கோடி குரோனா, 2023-ல் 26,340 கோடி. மூன்று சதவீதம்தானே குறைவு என்று நினைத்தவர்கள் லாபத்தைப் பார்த்துத் திகைத்தார்கள். 2024-ல் தலைகீழ். விற்பனை இன்னும் இறங்கி 24,790 கோடியானது. ஆனால் வட அமெரிக்கா திரும்ப வாங்கத் தொடங்கியது, இந்தியாவின் பங்கு குறைந்தது, ராயல்டி கூடியது, ஆட்குறைப்பால் செலவும் இறங்கியிருந்தது. மொத்த லாப விகிதம் 40 சதவீதத்தை ஒட்டிய நிலையிலிருந்து 45 சதவீதத்தை ஒட்டி ஏறியது. விற்பனை சரிந்த அந்த ஆண்டில் பங்கு விலை நன்றாக ஏறியது.

விற்பனை வரியை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர் இரண்டு ஆண்டிலும் தவறான பக்கம் நின்றிருப்பார். ஒரு பிராந்தியம் மந்தமாகிறது என்றதும் கேட்க வேண்டிய கேள்வி, அங்கே போகும் விற்பனை எவ்வளவு என்பதோடு, அங்கே போகும் லாபம் எவ்வளவு என்பதும்தான். பிராந்திய வாரியாக லாபத்தை நிறுவனங்கள் வெளியிடுவதில்லை. ஆனால் அறிக்கையின் விளக்கப் பகுதியில் சந்தைக் கலவை, அதாவது எந்தச் சந்தையில் எவ்வளவு விற்றது என்பது, சாதகம், பாதகம் என்று எழுதுவார்கள். அந்த வரியை விடாதீர்கள்.

எட்டாம் படி: மந்தத்தால் வந்த அடியா, வேறு அடியா?

இதற்கு எளிய சோதனை போட்டியாளரோடு ஒப்பிடுவது. 1998 ஜூனில் மோட்டோரோலா 15,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. ஆசிய நெருக்கடி காரணங்களில் ஒன்று, அது உண்மையும்கூட. ஆனால் அதே ஆண்டு நோக்கியா மோட்டோரோலாவைத் தாண்டி உலகின் முதல் கைபேசி நிறுவனமானது. ஆசியா இருவருக்கும் ஒரே ஆசியாதான். டிஜிட்டல் கைபேசிக்கு மாறுவதில் மோட்டோரோலா பின்தங்கியிருந்தது. மந்தம் அதை வெளியே காட்டியது.

2023 டிசம்பரில் ஏடி அண்ட் டி ஐந்து ஆண்டுகளில் 1,400 கோடி டாலர் வரை மதிப்புள்ள வேலையை எரிக்சனுக்குக் கொடுத்தது. அதுவரை ஏடி அண்ட் டி-க்குக் கருவி விற்றுவந்த நோக்கியாவின் பங்கு விலை விழுந்தது. அப்போது வட அமெரிக்கச் சரிவு பற்றித்தான் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள், ஆனால் இது மந்தம் இல்லை. மந்தம் முடிந்தால் வாங்குபவர் திரும்பி வருவார், வாடிக்கையாளரையே இழந்தால் அந்த வியாபாரம் அப்படித் திரும்பாது. 2021-ல் சீனாவில் எரிக்சன் இழந்த சந்தைக்கும் பொருளாதாரம் காரணமில்லை. ஸ்வீடன் 2020-ல் ஹுவாவேயைத் தன் 5ஜி வலைப்பின்னலிலிருந்து விலக்கியதன் எதிரொலி அது.

இந்தியப் பங்குகளில் இதற்கு நல்ல பாடம் தேஜஸ் நெட்வொர்க்ஸ். பிஎஸ்என்எல்லின் 4ஜி வலைப்பின்னலுக்கான 7,492 கோடி ரூபாய் ஆர்டர் 2023 ஆகஸ்டில் டிசிஎஸ் வழியாக அதற்குக் கிடைத்தது. அந்த வேலை நடந்தபோது வருவாய் மளமளவென்று ஏறியது. வேலை முடியும் கட்டத்துக்கு வந்ததும், 2025 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் வருவாய் 202 கோடியாகச் சுருங்கியது. முந்தைய ஆண்டின் அதே காலாண்டில் அது 1,500 கோடிக்கு மேல். நாட்டில் எந்த மந்தமும் இல்லை. ஒரே வாடிக்கையாளரை நம்பி நிற்கும் நிறுவனத்துக்கு அந்த ஒருவரின் இடைவெளியே மந்தம். இந்தியாவில் பட்டியலான கருவிப் பங்குகளைப் பார்ப்பவர்கள் பிராந்திய அட்டவணைக்கு முன்னால் வாடிக்கையாளர் பட்டியலைத்தான் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒன்பதாம் படி: பங்கு எப்போது நகரும்?

மந்தச் செய்தி வந்தால் விலை முதல் வாரத்திலேயே இறங்கிவிடும். ஆர்டர் குறைவது அதற்கு ஒன்றிரண்டு காலாண்டு கழித்துத் தெரியும். கணக்கில் லாபம் விழுவது இன்னும் தள்ளி. பிறகு மிக மோசமான காலாண்டு வெளிவரும் நேரத்தில் விலை பல சமயம் ஏறத் தொடங்கியிருக்கும், ஏனென்றால் சந்தை அடுத்த ஆண்டைப் பார்க்கப் போயிருக்கும். ஆட்குறைப்பு அறிவிப்பை வைத்து விற்பதோ வாங்குவதோ வேண்டாம். அந்த அறிவிப்பு சரிவின் நடுவிலும் வரும், கடைசியிலும் வரும்.

குவால்காமின் கதை இதில் ஓர் எல்லை. 1997 கடைசியில் கொரியா ஆட்டம் கண்டபோது பயப்பட நியாயம் இருந்தது. குவால்காமின் சிடிஎம்ஏ தொழில்நுட்பத்தை நாடு முழுவதும் எடுத்துக்கொண்ட இடம் கொரியா. அங்கிருந்த கைபேசி நிறுவனங்கள் அதன் சிப்பை வாங்கி ராயல்டியும் கட்டின. ஆனால் கொரிய ஆபரேட்டர்கள் கைபேசிக்கு மானியம் கொடுத்துச் சந்தாதாரர்களைச் சேர்ப்பதை நிறுத்தவில்லை. 1999-ல் குவால்காம் பங்கு 2,600 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அதற்குக் கொரியா மட்டும் காரணமல்ல. எரிக்சனோடு இருந்த காப்புரிமைத் தகராறு அந்த மார்ச்சில் தீர்ந்தது, நட்டம் தந்த கோபுரக் கருவிப் பிரிவையும் எரிக்சனிடமே விற்றார்கள், அமெரிக்காவில் தொழில்நுட்பப் பங்குகள் எல்லாமே கண்மண் தெரியாமல் ஏறிய ஆண்டும் அது. அந்த அளவு ஏற்றத்தை எதிர்பார்த்து யாரும் வாங்கக் கூடாது. கொரியாவில் மந்தம் என்ற ஒரே காரணத்துக்காக விற்றிருக்கவும் கூடாது.

எங்கிருந்து தொடங்குவது

எரிக்சனும் நோக்கியாவும் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் முடிவுகளை வெளியிடுகின்றன. அமெரிக்க ஆபரேட்டர்களும் ஏறக்குறைய அதே நாட்களில் வருகிறார்கள். இந்தியாவில் இருந்து இந்த வெளிநாட்டுப் பங்குகளை வாங்க ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். ஆனால் பணம் போடுவதற்கு முன்னால் ஒரு காலாண்டாவது வேடிக்கை பாருங்கள்.

ஒரு தாளை எடுத்து ஒரு நிறுவனத்தின் பிராந்தியங்களை இடப்பக்கம் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக ஐந்து கட்டம்: மொத்த விற்பனையில் பங்கு, நாணய மாற்றம் கழித்த வளர்ச்சி, அங்குள்ள பெரிய ஆபரேட்டர்கள் சொன்ன கேபெக்ஸ், அந்த நாட்டு நாணயத்தின் ஓராண்டு மாற்றம், அதே இடத்தில் போட்டியாளரின் வளர்ச்சி. கீழே தனியாக மொத்த லாப விகிதம், வாடிக்கையாளருக்குக் கொடுத்த கடன். அடுத்த காலாண்டு முடிவு வரும் முந்தைய நாள், எந்தப் பிராந்தியம் ஏறும், எது இறங்கும், லாப விகிதம் எந்தப் பக்கம் போகும் என்று பென்சிலால் எழுதி வையுங்கள். முடிவு வந்ததும் விலையைப் பார்க்காமல் முதலில் பிராந்திய அட்டவணையைத் திறந்து, நீங்கள் எழுதியதோடு ஒப்பிடுங்கள். எங்கே பிசகியதோ அந்தப் பிராந்தியத்தின் ஆபரேட்டர் அறிக்கையை அன்றே எடுத்துப் படித்துவிடுங்கள்.